மகளுக்கு ஒரு வீடு: மட்டக்களப்புத் தாய்மார் ஏன் அரபு நாட்டுக்குப் போகிறார்கள்?

கேள்வி இதுதான்: "மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மூன்று நான்கு வயதுப் பிள்ளையைக்கூட விட்டுவிட்டுத் தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறார்கள். வறுமை என்றாலும் பெற்ற மனம் இதற்கு எப்படி இடம் கொடுக்கிறது? சட்டம் போட்டாவது தடுக்கக் கூடாதா?" கேட்டவர் கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனதோடுதான் கேட்கிறார். இந்தக் கரையில் பிறந்து, வேலை காரணமாக இந்தக் குடும்பங்களோடு நெடுங்காலம் பழகியவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த "வறுமை". பசி மட்டும்தான் காரணம் என்றால் போகிறவர்கள் ஒரு தரத்தோடு நின்றிருப்பார்கள். ஒரு ஒப்பந்தம் வழக்கமாக இரண்டு வருடம். அவசரக் கடனை அடைக்கவும் அடுப்பு எரியவும் அது பெரும்பாலும் போதும். ஆனால் வெல்லாவெளி, கிரான், சித்தாண்டி, திருக்கோவில் என்று எங்கே போய் விசாரித்தாலும் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் போனவர்களைக் காணலாம். "ஏன் திரும்பவும் போறீங்க?" என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "வீடு முடியல்ல கா."

யாருக்கு வீடு? மகளுக்கு. இதை விளங்கிக்கொள்ளாமல் இந்தப் பக்கத்துத் தாய்மாரை விளங்க முடியாது. இந்தக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழி; பிள்ளை தாயின் குடியைச் சேரும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். பெற்றோர் அதே வளவில் ஒரு சின்னக் குடிலுக்கோ பக்கத்துத் துண்டுக்கோ ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. தங்கச்சிக்கு வீடு எழும்பாமல் அண்ணன்காரன் தன் கலியாணப் பேச்சை எடுத்தால் ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். முக்குவர் சட்டம் என்று பேர் பெற்ற பழைய தாய்வழிச் சொத்து முறை 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றத்தில் செல்லாக்காசாகிவிட்டது. வழக்கம் போகவில்லை. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் உம்மாமாரும் இதே கவலையோடுதான் படுத்தெழும்புகிறார்கள்.

முன்பு இது தாங்கக்கூடிய சுமைதான். களிமண் சுவர், கிடுகுக் கூரை. தகப்பனும் மாமன்மாரும் சேர்ந்து ஒரு வேளாண்மைக்கும் அடுத்த வேளாண்மைக்கும் இடையில் எழுப்பிவிடுவார்கள். இப்போது கல்வீடு இல்லாத இடத்துக்குச் சம்பந்தம் பேச வரமாட்டார்கள். அதோடு யுத்தம். 1990க்குப் பிறகு இந்த இரண்டு மாவட்டங்களிலும் எத்தனை தகப்பன்மார், எத்தனை மாமன்மார் இல்லாமல் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எரிந்த வீடுகள், 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோன வீடுகள், 2006-07இல் வாகரையிலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் விட்டுவிட்டு ஓடிய வீடுகள். கட்டுகிற ஆண்கள் குறைந்தார்கள், கட்ட வேண்டிய வீடுகள் கூடின. மிச்சம் தாயின் தலையில்.

கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் எனக்குத் தெரிந்த ஒரு வளவைச் சொல்கிறேன். முன்னால் தகரக் கொட்டில். இப்போது சீவியம் அதில்தான். பின்னால் வீடு. அத்திவாரத்துக் கருங்கல்லில் பாசி பிடித்திருக்கிறது. அது குவைத் போன முதல் தரம். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்து சில வருடம் அப்படியே நின்றது, கம்பியெல்லாம் துருவேறி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அது சவூதி. லிண்டலுக்கு மேல் நாலு வரிக் கல் மட்டும் புதுச் சிவப்பு. ஜன்னல் வரவேண்டிய ஓட்டையில் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எந்தக் கல் எந்த மாதத்துச் சம்பளம் என்று அங்குள்ள அம்மம்மா மனப்பாடமாகச் சொல்வார். மணல், சீமெந்து, மேசன் கூலி எல்லாம் ஒரு சிஆர் கொப்பியில் இருக்கிறது. அதே கொப்பியைத் திருப்பினால் கடைசிப் பக்கத்தில் பேத்தியின் நிறையும் உயரமும், கிளினிக் போன ஒவ்வொரு மாதமும் எழுதியது. படம் பிடித்து மகளுக்கு அனுப்புவதற்காக. கிளினிக் கார்டையே படம் பிடிக்கலாமே என்றால், "அதுல எழுத்துப் பொடிசு, புள்ளைக்கு விளங்காது" என்கிறார். அவருக்கு முப்பது வயது மகளும் புள்ளைதான்.

ஏன் இவ்வளவு இழுபடுகிறது என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். சவூதியில் மாதம் ஆயிரம் ரியால் என்று வைத்துக்கொள்வோம். ரியால் டொலரோடு கட்டப்பட்டது, 3.75க்கு ஒன்று, ஆக ஏறக்குறைய 267 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 53,000 ரூபாய். 2022இல் டொலர் 360க்குப் போனதும் அதே சம்பளம் 96,000 ஆனது. ஊரில் பலர் "இவளுக்கு அடிச்ச யோகம்" என்றார்கள். ஆனால் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்ற சீமெந்து மூட்டை அதே வருடம் மூவாயிரத்தை நெருங்கியது. கம்பியும் ஓடும் சும்மா இருக்கவில்லை. காசு கூடியது, சுவர் கூடவில்லை.

சரி, ஏன் தாய்? தகப்பன் போகலாமே? போகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் வெளியே தெரியாத ஒரு விதி இருக்கிறது. ஆண் வெளிநாடு போவதென்றால் ஏஜென்சிக்கு அவன்தான் காசு கட்ட வேண்டும். வீட்டு வேலைக்குப் பெண் போவதென்றால் ஏஜென்சி அவளுக்குக் காசு கொடுக்கும், இலட்சக்கணக்கில், ஏறுவதற்கு முன்பே. அங்குள்ள வீட்டுக்காரர் ஒரு பணிப்பெண்ணுக்காக ஏஜென்சிக்குக் கட்டும் தொகையிலிருந்து வருகிற பங்கு அது. கையில் ஒன்றும் இல்லாத குடும்பத்தில் யார் போவது என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்தக் காசுக்கு ஒரு கொக்கியும் உண்டு. அடி தாங்காமலோ சுகவீனத்தாலோ இடையில் திரும்பி வந்தால் "வாங்கினதைத் திருப்பிக் கட்டு" என்று சப் ஏஜென்ட் வாசலில் வந்து நிற்பான். அதற்குப் பயந்தே பல பெண்கள் வாயை மூடிக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்கிறார்கள்.

அந்த முற்பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் கடனுக்கு. யுத்தம் முடிந்த கையோடு நுண்கடன் கம்பனிகள் வாசலுக்கே வந்தன. கடன் பெண்களுக்குத்தான், குழுவாகச் சேர வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. உள்ளூரில் உழைத்துக் கட்டலாம் என்றால் வேலை எங்கே? அறுவடையை மெஷின் எடுத்துக்கொண்டது. களை பிடுங்க, நாற்று நடப் போனால் ஆணுக்குக் கொடுப்பதை விடக் குறைந்த கூலி, அதுவும் வருடத்தில் சில கிழமைகள்தான்.

இனி பெற்ற மனம். வளவில் தாய்க்குத் தாய் இருக்கிறாள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் வழக்கம் என்பதால் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அம்மம்மாவின் கையில்தான் வளர்கிறது. பெரியம்மா பக்கத்து வீடு, சின்னம்மா பின் வளவு. தாய் போனால் பிள்ளை வேறு வீட்டுக்கு மாறுவதில்லை, பாய்கூட மாறுவதில்லை. மகளுக்கு வீடு கொடு என்று தாயை நெருக்கும் அதே வழக்கம்தான், அவள் போன பிறகு பிள்ளையைத் தாங்கவும் செய்கிறது. மாமியார் வீட்டில் மருமகள் வாழும் ஊர்களில் இந்த வசதி இல்லை. காசுகூட இங்கே பலர் புருசனுக்கு அனுப்புவதில்லை, தாய்க்குத்தான் அனுப்புகிறார்கள். அதில் புருசன்மாருக்கு உள்ளூரக் கோபமும் உண்டு. அது தனிக் கதை.

போனவளும் போனதோடு விட்டுவிடுவதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதல்லவா? நான் அறிந்த ஒரு குழுவில் ஒரு தாய் கட்டாரிலிருந்து இருக்கிறார். ஆசிரியை வீட்டுப்பாடம் போட்ட உடன் முதலில் பார்ப்பது அவர். ஊரில் அம்மம்மாவுக்குப் போன் அடித்து, "மனே, 14ஆம் பக்கம் செய்தியா? கொப்பியக் காட்டு" என்று மகனைப் பிடிப்பார். அங்கே அவருக்கு வேலை முடிகிற நேரம் இங்கே பிள்ளை தூங்கிவிடும். அதனால் சமையலறையில் போனை மாக் கலத்துக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, எஜமானி வரும் சத்தம் கேட்டால் திரையைக் கவிழ்த்துவிட்டு, திரும்ப எடுத்து, கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ரியூசன் காசு அவர் அனுப்புவது, ரியூசனுக்கு மேலே இது. அதே வகுப்பில் வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டு மகளோடு உட்கார்ந்து படிப்பிக்கும் அம்மா ஒருவரும் இருக்கிறார். அவரை எல்லோரும் மெச்சுகிறார்கள். முன்னவரைப் பற்றி, "தாய் பக்கத்துல இல்லாத புள்ள" என்கிறார்கள்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நடக்காத வீடுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தை விட்ட பையன்கள், பதினாறு வயதில் கூடிக்கொண்டு போன பெண் பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டு வெளியே சொல்லத் தெரியாமல் நின்ற பிள்ளைகள், அனுப்பிய காசு முழுக்கக் கசிப்புக்கும் சாராயத்துக்கும் போன வீடுகள். நான் பார்த்த அளவில் இவை கூடுதலாக நடப்பது வளவு உடைந்த இடங்களில். சுனாமி வீட்டுத்திட்டங்கள், இடம்பெயர்ந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய கொலனிகள். அங்கே பக்கத்து வீடு பெரியம்மா வீடு அல்ல. அம்மம்மா பழைய ஊரில். பிள்ளையை யாரிடமாவது விட வேண்டியிருக்கிறது. தாய் போனது மட்டும் காரணம் என்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும்.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்றீர்கள். போட்டார்கள். மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன ரிசானா நபீக் என்ற பிள்ளைக்கு அப்போது 17 வயது. பாஸ்போட்டில் வயதைக் கூட்டி அனுப்பினார்கள். அவர் கவனித்த குழந்தை இறந்தது, கொலைக் குற்றம் சாட்டப்பட்டது, 2013 தை 9இல் தலை வெட்டப்பட்டது. நாடே அழுதது. அழுது முடித்த பிறகு வந்தது என்ன? பெண்களுக்கான குறைந்தபட்ச வயது கூட்டப்பட்டது. அதே 2013இல், வீட்டு வேலைக்குப் போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் சிபாரிசு இல்லை. வயதை மாற்றியவர்களும் ஆளைப் பிடித்து அனுப்பியவர்களும் பெரிதாகத் தொந்தரவுபடவில்லை, தாய்மார்தான் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். கையில் கோப்பு, கோப்புக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், கிராம சேவகர் கடிதம், புருசனின் சம்மதம். அறிக்கை எழுதும் அபிவிருத்தி உத்தியோகத்தர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மம்மாவிடம் கேட்கிறார்: "உங்களுக்குப் பிரசர் இருக்கா? இரவில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா ஆர் கொண்டு போறது?" நியாயமான கேள்விகள்தான். பிரச்சினை, அவை யாரிடம் கேட்கப்படுகின்றன என்பது. தகப்பன் கட்டாருக்கு மேசன் வேலைக்குப் போகும்போது ஒருவரும் இப்படிக் கேட்பதில்லை. இன்னொன்றையும் பாருங்கள். விசேட வைத்திய நிபுணராக வர வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும். கைக்குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு இங்கிலாந்துக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போன பெண் டொக்டர்மாரை நமக்கெல்லாம் தெரியும். திரும்பி வரும்போது பூமாலை போட்டு வரவேற்கிறோம். போட வேண்டியதுதான், கஷ்டப்பட்டுப் படித்தவர்கள். ஆனால் அவர்கள் வீட்டுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் போய் அம்மம்மாவின் பிரசரைக் கேட்டாரா? அந்த வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்திருப்பது பெரும்பாலும் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பெண் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் பிள்ளை எங்கே என்று நாம் கேட்பதில்லை.

2022இல் டொலருக்குத் தட்டுப்பாடு வந்ததும் அரசாங்கத்தின் தாய்மைக் கவலை எப்படிக் கரைந்தது என்பதும் வேடிக்கைதான். பெண்களுக்கான வயது 21க்கு இறங்கியது. பிள்ளையுள்ள தாய்மாருக்கான விதி தளர்ந்தது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வருடம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள்.

தடை இருந்த வருடங்களிலும் பெண்கள் போகாமல் இருந்தார்களா என்றால், இல்லை. 1990களின் நடுவில் வெளிநாட்டு வேலைக்குப் போன இலங்கையரில் நால்வரில் மூவர் பெண்கள். 2010களின் பிற்பகுதியில் பதிவுப் புத்தகத்தில் அது மூவரில் ஒருவராகக் குறைந்தது. ஆண்கள் கூடுதலாகப் போனதும் ஒரு காரணம். ஆனால் பதிவுக்கு வெளியே விசிட் விசாவில் டுபாய்க்கும் ஓமானுக்கும் போனவர்கள் அந்தப் புத்தகத்தில் இல்லை. அறிக்கை கிடைக்காதவளுக்கு சப் ஏஜென்ட் காட்டிய வழி அது. அப்படிப் போனவளுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. 2022 கடைசியில் ஓமானில் இலங்கைப் பெண்கள் விலை பேசி விற்கப்பட்டது செய்தியானபோது அவர்கள் போயிருந்ததும் விசிட் விசாவில்தான்.

இதற்கெல்லாம் பிறகு வீடு ஒரு நாள் முடியும். சம்பந்தம் பேச வருவார்கள். அப்படி ஒரு பேச்சில் நான் இருந்தேன். மாப்பிள்ளையின் மாமி வாசலிலிருந்தே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். டைல்ஸ், அட்டாச் பாத்ரூம், குசினிக்குப் பின்னால் கிணறு எல்லாம் பார்த்தாயிற்று. முகத்தில் திருப்தி. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "மறுகா, தாய்க்காரி எத்தின வருசம் வெளியில இருந்தவ?" கேட்ட விதம்தான் கேள்வி. வீடு வேண்டும், அது வந்த வழி வேண்டாம். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்ற தாய்க்கு அது கேட்டது. அவர் வெளியே வந்து தட்டை வைத்தார், "எடுங்க மச்சாள்" என்றார். சம்பந்தம் சரிவந்தது.

ஆகவே என் பதில்: தடை வேண்டாம். போகிறவள் ஏமாறாமல் போக வழி செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது புறப்படுகிறார் என்றால் இவற்றைச் சொல்லுங்கள். விசிட் விசாவில் போக வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துதான் போக வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அம்மம்மாவிடம் இருக்கட்டும், பணியகத்தின் 1989 என்ற இலக்கம் சுவரில் எழுதியிருக்கட்டும். சம்பளம் இரண்டாகப் பிரியட்டும், செலவுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்குத் தன் பேரில் இன்னொரு கணக்கு.

எல்லாவற்றுக்கும் முதல், ஒரு கல் வைக்க முன்பே, காணி யாருடைய பேரில் என்று பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கொடுத்த வீடுகளில் பலவற்றைக் குடும்பத் தலைவர் என்று புருசன் பேரிலேயே எழுதிக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வளவு ஒரு படிவத்தில் கைமாறியது. படுவான்கரையில் பல காணிகள் உறுதிக் காணியல்ல, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் மகனுக்குத்தான் முதலிடம் இருந்தது, 2022 திருத்தத்தில்தான் அது மாறியது. பழைய பெர்மிட்டில் தாயின் இறந்துபோன தகப்பனின் பேர் இன்னும் இருக்கலாம், பின்னுரித்தாளராக, அதாவது அடுத்த வாரிசாக, அவளுடைய தம்பி ஒருவரின் பேர் பதிந்திருக்கலாம். மகளுக்கென்று ஏழெட்டு வருடம் உழைத்துக் கட்டிய வீடு சட்டப்படி அந்தத் தம்பியின் நிலத்தில் நிற்கும். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பெர்மிட் இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் யார் பேர் பதிவில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகிற கிழமையிலேயே அதையும் போய்க் கேட்டுவிடச் சொல்லுங்கள்.